பாரத் ஸ்டேஜ்: மாசு விதிகளும் இந்திய வாகனத் தொழிலும்

பாரத் ஸ்டேஜ் என்பது மோட்டார் வாகனங்களின் புகைக்குழாயிலிருந்து வெளியேறும் மாசுக்கு இந்திய அரசு விதித்துள்ள உச்சவரம்புகளின் வரிசை. சுருக்கமாக பி.எஸ். எனப்படுகிறது. ஐரோப்பாவின் யூரோ விதிகளை அடியொற்றி அமைந்தது. 2000-ல் 'இந்தியா 2000' என்ற பெயரில் முதல் கட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 நடைமுறையில் உள்ளது. இடையில் பி.எஸ். 5 என்ற கட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை.

இவ்விதிகளின் வரலாறு நகரக் காற்றின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வாகனம் தயாரிப்பவர், விற்பவர், வாங்கி ஓட்டுபவர், பழுதுபார்ப்பவர் ஆகியோரின் தொழில் வரலாறும் இதில் அடங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் முன் மூன்று கேள்விகள் எழுந்தன. எஞ்சினில் எதை மாற்றுவது? அதற்கேற்ற எரிபொருள் எங்கே கிடைக்கும்? கெடு நாளன்று விற்காமல் கிடக்கும் வாகனங்களை என்ன செய்வது? மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் தொழிலை அதிகம் உலுக்கியது அதுவே.

தொடக்க கால விதிகள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1989-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. மாசு பற்றிய வரம்புகள் அவ்விதிகளில் 115-ஆவது விதியில் இடம்பெற்றன. தொடக்கத்தில், நின்றபடி ஓடும் எஞ்சினின் புகையில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது. புதிய வாகனம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எத்தனை கிராம் மாசை வெளியேற்றலாம் என்ற அளவு பெட்ரோல் வாகனங்களுக்கு 1991-லும், டீசல் வாகனங்களுக்கு 1992-லும் வந்தது. 1996-ல் அது இறுக்கப்பட்டது.

1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. வினையூக்கி மாற்றி ஈயத்தைத் தாங்காது. எனவே அதே நேரத்தில் அந்நகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. வாகன ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ஒரே நாளில் தயாராக வேண்டும் என்ற நிலை இங்கிருந்துதான் தொடங்கியது. ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுவதும் கட்டாயமானது 2000 பிப்ரவரியில்.

டெல்லி வழக்கு

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லியின் காற்று மாசு குறித்து 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அதில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆணைகள் பிறந்தன. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று 1998 ஜூலை 28 அன்று, டெல்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று மற்றோர் ஆணை வந்தது. தேசியத் தலைநகர் பகுதியில் பதிவாகும் தனியார் வாகனங்கள் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1 அளவையும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 அளவையும் எட்ட வேண்டும் என்றது அது. முதல் கெடுவுக்கு நிறுவனங்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு மாதம். வாகனம் எந்த நாளில் தயாரானது என்பதை விட்டு, எந்த நாளில் பதிவாகிறது என்பதை நீதிமன்றம் அளவுகோலாகக் கொண்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நாடு முழுவதும் பெரும் சிக்கலாக எழுந்தது இதே வேறுபாடுதான்.

சி.என்.ஜி. மாற்றத்தில் பேருந்து உரிமையாளர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். எரிவாயு நிலையங்கள் போதவில்லை. பேருந்துகளும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. கெடு நீட்டிக்கப்பட்டது. 2002 ஏப்ரல் 5 அன்று, இன்னும் டீசலில் ஓடும் பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் 1,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் நகரப் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறின. அசோக் லேலண்டும் டாடா மோட்டார்ஸும் சி.என்.ஜி. பேருந்துகளை வழங்கின. பஜாஜ் ஆட்டோ சி.என்.ஜி. ஆட்டோக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இருசக்கர வாகனங்களும் டூ-ஸ்ட்ரோக்கின் முடிவும்

இந்தியச் சாலைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இருசக்கர வாகனங்களுக்கு. 1990-களில் அவற்றில் பெரும்பகுதி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அவ்வகை எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். எஞ்சின் எளிமையானது, விலை குறைவு, இழுவிசை அதிகம் என்பதால் மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

1996-ல் இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 4.5 கிராம். 2000-ல் அது 2 கிராமாகவும், 2005-ல் 1.5 கிராமாகவும், 2010-ல் 1 கிராமாகவும் குறைந்தது. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்த வரம்பு 3.6 கிராமிலிருந்து அதே படிகளில் 2, 1.5, 1 எனக் குறைந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்துக்கொண்டு இவ்வரம்புகளை எட்டுவது கட்டுப்படியாகவில்லை. நிறுவனங்கள் ஃபோர்-ஸ்ட்ரோக்கிற்கு மாறின. ஏற்கெனவே ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் வேரூன்றியிருந்த ஹீரோ ஹோண்டாவுக்கு இது சாதகமானது. ஸ்கூட்டரை நம்பியிருந்த பஜாஜ் தன் தயாரிப்புகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

மஷேல்கர் குழுவும் இரண்டு வேக நாடும்

நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் கெடு குறிக்கும் நிலையைத் தவிர்த்து, நீண்டகாலத் திட்டம் ஒன்றை வகுக்க மத்திய அரசு 2001-ல் அறிவியலாளர் ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் நிபுணர் குழுவை அமைத்தது. 2002-ல் குழு அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் 2003 அக்டோபரில் வாகன எரிபொருள் கொள்கை ஏற்கப்பட்டது.

அதன்படி 2005 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 2 அமலாக வேண்டும், 11 பெருநகரங்களில் மட்டும் பி.எஸ். 3 அமலாக வேண்டும். 2010-ல் நாடு முழுவதும் பி.எஸ். 3, நகரங்களில் பி.எஸ். 4. முன்கூட்டியே நாள் தெரிந்ததால் நிறுவனங்கள் முதலீட்டைத் திட்டமிட முடிந்தது. ஆயினும் ஒரே நாட்டில் இரண்டு அளவுகள் இருந்ததால் ஓர் ஓட்டை விழுந்தது. லாரி உரிமையாளர் நகரத்துக்கு வெளியே உள்ள மாவட்டத்தில் விலை குறைந்த பி.எஸ். 3 லாரியை வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த லாரி சரக்கோடு நகரத்துக்குள் வரத் தடை இல்லை. நிறுவனங்களும் ஒரே மாடலை இரண்டு விதமாகத் தயாரித்து, இரண்டு விதமாகச் சான்று பெற்று விற்றன.

இந்த இரட்டை நிலைக்குக் காரணம் எரிபொருள். டீசலில் உள்ள கந்தகம் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளைக் கெடுக்கும். பி.எஸ். 2 டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ். 3-ல் 350, பி.எஸ். 4-ல் 50, பி.எஸ். 6-ல் 10. கந்தகத்தை நீக்க சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் கொண்டு செயல்படும் புதிய அலகுகள் நிறுவப்பட வேண்டும். அதற்குப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் ஆகும். நல்ல டீசல் கிடைக்காத ஊரில் நல்ல எஞ்சினை விற்றுப் பயனில்லை என்று வாகன நிறுவனங்கள் கூறின. எரிபொருள் கிடைத்த பிறகு அந்த வாதம் நிற்கவில்லை.

2017 மார்ச் 29

பி.எஸ். 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1-ல் அமலாகும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குள் நாடெங்கும் பி.எஸ். 4 எரிபொருள் கிடைக்க எண்ணெய் நிறுவனங்கள் ஏற்பாடு செய்துவிட்டன. அறிவிக்கையின் வாசகம் அந்த நாளிலும் அதற்குப் பின்னும் தயாரிக்கப்படும் வாகனங்களையே குறித்தது. 2005-லும் 2010-லும் கெடுவுக்கு முன் தயாரான வாகனங்களைப் பின்னர் விற்றுத் தீர்க்க அனுமதி இருந்தது. எனவே பல நிறுவனங்கள் மார்ச் வரை பி.எஸ். 3 வாகனங்களைத் தயாரித்துவந்தன.

பூரே லால் ஆணையம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், சட்டத்தின் வாசகத்தையும் பழைய வழக்கத்தையும் சுட்டிக்காட்டியது. விற்காமல் இருந்த பி.எஸ். 3 வாகனங்களின் எண்ணிக்கை சுமார் 8.24 லட்சம் என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவற்றில் சுமார் 6.71 லட்சம் இருசக்கர வாகனங்கள். சுமார் 96,700 வணிக வாகனங்கள். தொழில்துறை ஒரே குரலில் பேசவும் இல்லை. முன்கூட்டியே பி.எஸ். 4-க்கு மாறிவிட்ட பஜாஜ் ஆட்டோ தடையை ஆதரித்தது. செலவு செய்து மாறியவரும் மாறாதவரும் ஒரே சந்தையில் சமமாக நிற்பது நியாயமா என்பதே அந்த வாதத்தின் உட்பொருள்.

நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா அமர்வு மார்ச் 29 அன்று தீர்ப்பு வழங்கியது. ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வாகனங்களை எந்த நிறுவனமும் எந்த டீலரும் விற்கக் கூடாது, மார்ச் 31 வரை விற்றதற்குச் சான்று இருந்தால் மட்டுமே பதிவு செய்யலாம் என்றது. கோடிக்கணக்கான மக்களின் உடல்நலம் உற்பத்தியாளர்களின் வணிக நலனைவிட முக்கியம் என்பது தீர்ப்பின் சாரம்.

கையில் இருந்தவை இரண்டு நாட்கள். ஷோரூம்கள் நள்ளிரவு வரை திறந்திருந்தன. இருசக்கர வாகனங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் மார்ச் 31-க்குள்ளேயே இருப்பு தீர்ந்தது. லாரிகளை அப்படி விற்றுவிட முடியாது. மீந்தவற்றை பி.எஸ். 3 ஏற்கப்படும் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வது, எஞ்சினை மாற்றி பி.எஸ். 4 ஆக்குவது என்று நிறுவனங்கள் வழி தேடின. கடன் வாங்கி இருப்பு வைத்திருந்த டீலர்கள் அடக்க விலைக்கும் கீழே விற்க நேர்ந்தது.

யூரியாவா, மறுசுழற்சியா?

பி.எஸ். 4-ஐ எட்ட கனரக டீசல் வாகனங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புகைப்பாதையில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது. மற்றொன்று, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தி எரிதலின் வெப்பத்தைக் குறைப்பது. முதல் முறையில் வாகனத்தில் தனித் தொட்டி வேண்டும். நெடுஞ்சாலையில் யூரியாக் கரைசல் எங்கும் கிடைக்க வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், பெரிய லாரிகளுக்கும் மறுசுழற்சி முறையையே மேம்படுத்தி ஐ.ஈ.ஜி.ஆர். என்ற பெயரில் கொண்டுவந்தது. தொட்டியும் கரைசலும் தேவையில்லை, பழகிய மெக்கானிக்கே பழுது பார்க்கலாம் என்பது அதன் விற்பனை வாதம். பி.எஸ். 6 வந்தபோது கனரக வாகனங்களுக்கு யூரியாக் கரைசலைத் தவிர்க்க முடியவில்லை. இன்று நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையங்களில் அது கேன்களில் விற்கப்படுகிறது.

பி.எஸ். 5-ஐத் தாண்டிய தாவல்

சௌமித்ர சௌத்ரி தலைமையிலான குழு 2014-ல் அளித்த அறிக்கையில், பி.எஸ். 5-க்குப் பின் 2024-ல் பி.எஸ். 6 வரலாம் என்று பரிந்துரைத்திருந்தது. 2015-ல் டெல்லியின் காற்று மீண்டும் பெரும் விவாதமானது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் திறன் கொண்ட டீசல் கார்களைத் தலைநகர் பகுதியில் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில வாரங்களிலேயே மகேந்திரா நிறுவனம் தன் ஸ்கார்பியோ, எக்ஸ்.யூ.வி.500 ஆகியவற்றுக்கு 2,000 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த எஞ்சினைப் பொருத்தி விற்றது. வாகனத்தின் விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழல் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது.

இதற்கிடையே 2016 ஜனவரி 6 அன்று மத்திய அரசு பி.எஸ். 5-ஐ விட்டுவிட்டு 2020 ஏப்ரல் 1-ல் நேரடியாக பி.எஸ். 6-க்குச் செல்வதாக அறிவித்தது. டீசல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகவும், நுண்துகள் வரம்பு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகவும் குறைய வேண்டும். ஐரோப்பா இரண்டு கட்டங்களாகக் கடந்த தூரத்தை நான்கே ஆண்டுகளில் ஒரே கட்டமாகக் கடக்க வேண்டியிருந்தது. புதிய எஞ்சினை வடிவமைத்து, வெயிலிலும் மலைப்பாதையிலும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்து, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் சான்று பெற வேண்டும். சோதனைக்கூடங்களில் இடம் கிடைப்பதே போட்டியானது.

செலவு நிறுவனங்களின் தயாரிப்புப் பட்டியலையே மாற்றியது. சிறிய டீசல் காரில் நுண்துகள் வடிகட்டி முதலியவற்றைப் பொருத்தினால் விலை கட்டுப்படியாகாது என்ற நிலையில், 2020 ஏப்ரல் முதல் டீசல் கார்களை விற்பதில்லை என்று மாருதி சுசுகி 2019 ஏப்ரலில் அறிவித்தது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு தன் 500 சி.சி. புல்லட், கிளாசிக், தண்டர்பேர்டு மாடல்களை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டு, 350 சி.சி. வண்டிகளை மின்னணு எரிபொருள் செலுத்தலுக்கு மாற்றியது. பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் காலம் முடிவுக்கு வந்தது.

கெடு நாளும் ஊரடங்கும்

2017-ன் குழப்பம் மீண்டும் நேராதிருக்க, 2018 பிப்ரவரியில் அரசு ஒரு விதியைச் சேர்த்தது. 2020 ஏப்ரலுக்கு முன் தயாரான பி.எஸ். 4 வாகனங்களை அவ்வாண்டு ஜூன் 30 வரையும், கூண்டு கட்டப்படாத சேஸிஸ்களைச் செப்டம்பர் 30 வரையும் பதிவு செய்யலாம் என்றது அது. 2018 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சலுகையை ஏற்க மறுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் எந்த பி.எஸ். 4 வாகனமும் விற்கப்படவோ பதிவு செய்யப்படவோ கூடாது என்றது. இம்முறை பதினேழு மாத முன்னறிவிப்பு இருந்தது. பல நிறுவனங்கள் 2019-லேயே பி.எஸ். 6 வாகனங்களை விற்கத் தொடங்கி, பழையவற்றின் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்தன.

ஆனால் கெடுவுக்கு ஒரு வாரம் முன், 2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு தொடங்கியது. கடைசி நாட்களின் விற்பனை நின்றது. டீலர்கள் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, ஊரடங்கு முடிந்தபின் 10 நாட்களுக்கு, மீந்த இருப்பில் 10 சதவீதத்தை மட்டும் தலைநகர் பகுதிக்கு வெளியே விற்கலாம் என்று நீதிமன்றம் மார்ச் 27 அன்று அனுமதித்தது. அனுமதித்ததைவிட அதிகமாக விற்கப்பட்டது தெரியவந்ததும் ஜூலை 8 அன்று அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. மார்ச் 31-க்குள் விற்கப்பட்டு, 'வாகன்' இணையத் தளத்தில் பதிவேற்றப்பட்ட வாகனங்களைப் பதிவு செய்ய ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. இதற்கிடையில், பணம் கட்டி வண்டியை எடுத்தவர்கள் பதிவுச் சான்று இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

சோதனைக்கூடத்திலிருந்து சாலைக்கு

வரம்புகள் தாளில் குறைந்தாலும் சாலையில் குறைகின்றனவா என்ற ஐயம் உலகெங்கும் வலுப்பெற்றது 2015-ல். சோதனை நடப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் மாசைக் குறைக்கும் மென்பொருளை டீசல் கார்களில் ஃபோக்ஸ்வாகன் பயன்படுத்தியது அமெரிக்காவில் வெளிப்பட்டது. இந்தியாவிலும் அந்நிறுவனம் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றுவதாக அறிவித்தது.

2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6-ன் இரண்டாம் கட்டம் அமலானது. கையடக்கக் கருவியை வாகனத்தில் பொருத்தி, உண்மையான சாலையில் ஓட்டி மாசை அளக்கும் முறை இதில் அடங்கும். விற்பனை குறைந்த மாடல்களுக்கு மீண்டும் செலவு செய்ய நிறுவனங்கள் முன்வரவில்லை. மாருதி ஆல்டோ 800, ஹோண்டா ஜாஸ் போன்றவை அத்துடன் நின்றன. நுழைவு நிலைக் கார்களின் விலை உயர்ந்ததற்குக் காரணங்களில் ஒன்றாக இத்தகைய விதிகளும் சொல்லப்படுகின்றன.

சிறு தொழில்களின் நிலை

பெரிய நிறுவனங்கள் விதி மாற்றத்தை நீதிமன்றத்தில் எதிர்கொண்டன. சிறு தொழில்கள் அதைப் பட்டறையில் எதிர்கொண்டன. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து காதால் கேட்டே எஞ்சினைச் சரிசெய்த மெக்கானிக், பி.எஸ். 6 வண்டிக்கு ஸ்கேனர் கருவி வாங்க வேண்டியவரானார். ஒன்றிரண்டு லாரிகள் வைத்திருக்கும் உரிமையாளர், யூரியாக் கரைசல், வடிகட்டி அடைப்பு, சென்சார் பழுது ஆகிய புதிய செலவுகளைக் கணக்கில் சேர்த்தார். வாடகை உயராத வழித்தடத்தில் இது லாபத்தை அரித்தது. பலர் பழைய லாரியையே மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவது மேல் என்று முடிவு செய்தனர்.

ஓடும் வாகனங்களுக்கான கட்டுப்பாடு புகைச் சான்று. அது இல்லாமல் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் கூறியது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புதிய வாகனத்துக்கு நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அளக்கப்படும் காலத்திலும், புகைச் சான்றுக்கான சோதனை பழைய எளிய அளவீடுகளையே பெரிதும் நம்பியுள்ளது.

மதிப்பீடு

யூரோ 1-க்கு இணையான அளவிலிருந்து யூரோ 6-க்கு இணையான அளவை இந்தியா இருபது ஆண்டுகளில் எட்டியது. வினையூக்கி, எரிபொருள் செலுத்தும் கருவி, சென்சார் ஆகியவற்றைத் தயாரிக்கும் தொழில்கள் வளர்ந்தன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் அமைந்தது. பழைய வாகனங்கள் தொடர்ந்து ஓடுவதால் புதிய விதியின் பயன் காற்றில் மெதுவாகவே தெரியும் என்பது இவ்விதிகள் மீதான முதன்மையான விமர்சனம்.

தொழில் நோக்கில் இவ்வரலாறு காட்டுவது மற்றொன்று. கடினமான வரம்பை நிறுவனங்கள் எட்டிவிட்டன. எதிர்பாராத ஆணைதான் அவற்றை நிலைகுலைய வைத்தது. நான்கு ஆண்டு அவகாசத்தோடு வந்த பி.எஸ். 6, அதைவிட எளிதான பி.எஸ். 4-ஐக் காட்டிலும் ஒழுங்காகவே நடைமுறைக்கு வந்தது. 2017-ல் எட்டு லட்சம் வாகனங்களைத் தேங்கவைத்தது, ஒரு நாள் தயாரிப்பைக் குறிக்கிறதா, விற்பனையைக் குறிக்கிறதா, பதிவைக் குறிக்கிறதா என்ற தெளிவின்மை. விதியின் வாசகத்தையும் பழைய சலுகையையும் நம்பியவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தனர். விதி போகும் திசையைப் பார்த்து முன்கூட்டியே மாறியவர்களுக்கு ஏப்ரல் 1 மற்றொரு வேலை நாளாக மட்டுமே இருந்தது.